ஸ்டாப் இல்லாத வளைவில் ஒரு சாமி

1

இந்தக் கதை ஒரு ஜாக்கெட்டின் கை இறுக்கமாகப் போனதால் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதத்தின் தோற்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவளுக்கு இதைவிடக் கௌரவமான ஆரம்பம் கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் பொற்கொடியின் தையல் கடை இருக்கிறது. கடை என்றால் வீட்டின் முன் அறைதான். இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, எந்நேரமும் முனகும் ரேடியோ. நான் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், விடுமுறையில் கதை எழுதுகிறவள். அன்றைக்கு ஜாக்கெட்டின் கையைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது தமிழ்வேந்தன் போனில் கூப்பிட்டார். சிற்றிதழ் நடத்துகிற தம்பி, கடவுள் இல்லை என்பதில் உறுதியானவர், பொங்கல் மட்டும் விரும்பிச் சாப்பிடுவார்.

"அக்கா, சிறப்பிதழுக்கு உங்க கட்டுரை ஒண்ணுதான் பாக்கி. மதம் எப்படி உண்டாச்சு, அது மனுசனை எப்படிக் கட்டிப்போட்டுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்!

போனை வைத்துவிட்டுப் பொற்கொடியிடம் புலம்பினேன். "மதம் எப்படி உண்டாச்சுன்னு எழுதணுமாம். இதை நான் எங்கே போய்த் தேடறது?"

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். பிறகு சிரித்தாள்.

"எல்லாம் எப்படி உண்டாச்சுன்னு எனக்குத் தெரியாதுங்கக்கா. ஒண்ணே ஒண்ணு தெரியும். அதை எங்க ஊட்டுக்காரருதான் உண்டாக்கிப்போட்டாரு."

"எதை?"

"சாமியத்தானுங்க. வால்பாறை ரோட்ல. எனக்காக."

என் கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

2

அப்படியும் நான் உடனே திருந்திவிடவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை. அழிக்காமல் வைக்கிறேன்.

ஆதியில் இடி இடித்தது. குகையின் வாசலில் நின்றிருந்த மனிதன் வானத்தைப் பார்த்து முதல்முறையாக...

(இந்த மனிதனை எனக்குத் தெரியாது. அவன் என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான் என்று தெரியாமல் அவன் பயந்தான் என்று மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?)

மதம் என்பது பயத்தின் பிள்ளை என்பார்கள். ஆனால்...

(இந்த "ஆனால்" எங்கே போகிறது என்று மூன்று நாள் பார்த்தேன். எங்கும் போகவில்லை. பயம் அம்மா என்றால் அப்பா யார் என்று கேட்கத் தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.)

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வளைவில் ஒரு பெண் குடையில்லாமல் நின்றிருந்தாள்.

இது பரவாயில்லை. பெண் இருக்கிறாள், நனைகிறாள், அவளை எனக்குத் தெரியும். இங்கிருந்து போகலாம்.

3

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிற மலைப்பாதையில், தேயிலை தொடங்குகிற உயரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவு என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் சிலர் இறங்கிக் கும்பிடுவீர்கள், சிலர் இறங்கி விசாரணை செய்வீர்கள். இரண்டும் அந்த இடத்துக்கு நல்லதில்லை.

அந்த வளைவில் எஸ்டேட்டின் கீழ் லைனிலிருந்து ஏறிவருகிற ஒற்றையடிப் பாதை ரோட்டைத் தொடும். லைன் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பொற்கொடி அங்கே பிறந்தவள். பள்ளி முடித்ததும் தேயிலை பறிக்கப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து வால்பாறையில் தையல் பழகினாள். ஆனால் பஸ் வளைவில் நிற்காது. நிற்கிற இடத்துக்குத் தேயிலைக்குள் புகுந்து இன்னொரு மேடு ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதை அட்டைகளின் ராஜ்யம். ஸ்டாப்பில் நின்று செருப்பைக் கழற்றினால் விரலிடுக்கெல்லாம் ரத்தம் ஒழுகும்.

ஒரு காலை அவள் அந்த மேட்டை ஏற மாட்டேன் என்று முடிவு செய்தாள். வளைவிலேயே நின்றாள். மேலேறி வந்த பஸ்ஸை வேலுமணி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனைமலைப் பக்கம் பண்ணையக் கூலி வீட்டுப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் கையைக் காட்டவில்லை. குனிந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

(இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. கதையில் வருகிற டிரைவர்கள் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். நேரில் கேட்டேன். "லவ்வெல்லாம் பொறவுதானுங்க," என்றார் வேலுமணி. "மொதல்ல அட்டைதானுங்க. எங்கம்மா காலு நெனப்பு வந்துச்சு." பொற்கொடி அடுப்படியிலிருந்து, "பொய்யி! கண்ணாடில என்னைப் பார்த்துட்டேதான் வண்டி ஓட்டுனாரு," என்றாள். இரண்டையும் எழுதுகிறேன்.)

மறுநாளும் நிறுத்தினார். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு பெரிய மனிதர் சத்தம் போட்டார். "ஏனுங்க, ஸ்டாப் இல்லாத எடத்துல எதுக்குங்க தெனமும் நிப்பாட்டறீங்க? மேல எழுதிப்போடுவேன்!"

வேலுமணிக்கு வாய் அடைத்துவிட்டது. கண்டக்டர் கலீல் ரஹ்மானுக்கு அடைக்கவில்லை. அவர் வேலுமணியின் நண்பர், நடந்துகொண்டிருப்பது என்ன என்று இவர்கள் இருவருக்கும் முன்பே புரிந்துகொண்டவர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெகு பணிவாகச் சொன்னார்.

"சாமிங்க. இந்த வளைவுல இருக்குதுங்க. நிக்காமப் போனா ஆகாதுங்க."

"எங்கீங்க சாமி?"

கலீல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். சரிவில் ஒரு பெரிய கல் கிடந்தது. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன கல்லாக இருக்க வேண்டும். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தம் போட்ட மனிதர் மெதுவாகத் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"பேரென்னங்க?"

"நிப்பாட்டியம்மன்," என்றார் கலீல், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அடுத்த நாள் வளைவில் ஏறும் முன் பொற்கொடி அந்தக் கல்லின் மேல் ஒரு காட்டுப் பூவை வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அது நன்றி சொல்லும் விதம், கொஞ்சம் குறும்பும்கூட. ஆக, நான் விசாரித்த வரையில் ஒரு தெய்வம் உண்டாக இரக்கப்பட்ட ஒருவர், சமாளித்த ஒருவர், பூ வைத்த ஒருத்தி தேவைப்பட்டார்கள். இடி இடிக்கவே இல்லை.

4

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மற்ற டிரைவர்களும் நிறுத்தினார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, நிறுத்தாமல் போகிற தைரியமும் இல்லை. நிறுத்தாமல் போன ஒரு வண்டிக்கு அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு கதை கிளம்பியது. அந்த வண்டி எது, ஓட்டியவர் யார் என்று வேலுமணி துருவித் துருவிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். சொன்ன எல்லோருக்கும் இன்னொருவர் சொல்லியிருந்தார்.

சோதனைக்கு வந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் இறங்கித் திருநீறு பூசிக்கொண்ட அன்று வேலுமணிக்குப் பயம் வந்துவிட்டதாம். "நானு சும்மா நிப்பாட்டுனதுக்கு அவரு செருப்பக் கழட்டறாருங்க!" கலீல் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சீட்டுக்குப் பின்னால் குனிந்து குலுங்கினாராம்.

கீழ் லைனுக்கு இதனால் கிடைத்தது கொஞ்சமில்லை. பிரசவ வலியோடு மேடு ஏற வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டைக்கடி இல்லாமல் போய்வந்தார்கள். எத்தனையோ மனு கொடுத்தும் வராத ஸ்டாப், ஒரு கல்லின் பேரால் வந்தது.

வேலுமணியும் பொற்கொடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கலீல்தான் பெண் கேட்டுப் போனவர். பிற்பாடு வேலுமணி மலைப்பாதையை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு கல்லூரிப் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். பொற்கொடி சிங்காநல்லூரில் மெஷின் போட்டாள். இனியா பிறந்தாள். லைனில் இருந்த சொந்தமெல்லாம் திருப்பூர்ப் பக்கம் இறங்கிவிட்டதால் மலைக்குப் போகிற வேலையும் இல்லாமல் போனது. சாமி அங்கேயே இருந்தது.

(தமிழ்வேந்தனிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பிரமாதம் அக்கா! கடைசியில அந்த டிரைவர் எல்லார் முன்னாடியும் உண்மையைப் போட்டு உடைக்கிறாரு. கல்லு வெறும் கல்லாகுது. முடிச்சிடுங்க," என்றார். நானும் அப்படித்தான் முடிக்க நினைத்திருந்தேன். அதற்குள் இனியா குறுக்கிட்டாள்.)

5

இனியாவுக்குக் கல்லூரியில் இறுதியாண்டு. அம்மா அப்பாவின் கதையை நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும், "நானு அந்தச் சாமியப் பார்க்கோணும். நானு பொறக்கறதுக்கே அதுதான காரணம்?" என்று பிடித்த பிடியில் நின்றாள். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கிளம்பினோம். பொள்ளாச்சியில் பஸ் மாறி மலை ஏறினோம். வேலுமணி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தன் காலாலேயே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

வளைவில் பஸ் நின்றது. இளவயது டிரைவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். வேலுமணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இறங்கினோம்.

கல்லைக் காணவில்லை. அதாவது, கல் இருந்த இடத்தில் தகரக் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை, சுற்றிலும் ஆள் உயர இரும்புக் கம்பித் தடுப்பு, அதில் பூட்டுப் போட்ட கதவு. உள்ளே பட்டுப் பாவாடை கட்டி, வெள்ளிக் கண் வைத்து நிப்பாட்டியம்மன் இருந்தாள். பொற்கொடி வாயில் கை வைத்தாள். "ஏனுங்க, நம்ம கல்லுங்க! எத்தனை அழகா இருக்கறா பாருங்க!" அவள் கண் கலங்கிவிட்டது. அது சந்தோஷம்தான். சின்ன வயதில் பார்த்த சொந்தக்காரப் பெண்ணைக் கல்யாணக் கோலத்தில் பார்க்கிற சந்தோஷம்.

தடுப்புக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கம், லைன் பெண்கள் சிலர் பொள்ளாச்சிக்கு இறங்குகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். ஞாயிறு என்பதால் நல்ல சேலை, தலை நிறையப் பூ. அவர்களில் ஒருத்தி, "அடி பொற்கொடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். சின்னாத்தாள். லைனில் அடுத்த வீட்டில் வளர்ந்தவள். இருவரும் கட்டிக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

கம்பிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, குளித்த ஈரம், நல்ல சிரிப்பு. பெயர் அரங்கசாமி. கோயிலைக் கட்டியவர்.

(இவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் என் வேலை எளிது. முதல் பிரதியில் மீசை கொடுத்தேன், தங்கச் சங்கிலி கொடுத்தேன், ஒரு உறுமல்கூடக் கொடுத்தேன். எதுவும் அவர் மேல் நிற்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதுதான்.)

"எல்லாரும் வாங்கோ, வாங்கோ. எங்கிருந்து வாரீங்க? கோயமுத்தூருங்களா? அம்மனுக்கு இப்பத்தான் அபிசேகம் முடிஞ்சுது." கதவை அகலத் திறந்தார். இனியா கேட்டதால் தன் கதையையும் சொன்னார். தேயிலை மூட்டை ஏற்றிய லாரியில் மகனோடு இறங்கிவரும்போது இந்த வளைவில் பிரேக் போய்விட்டது. வண்டி பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து, இந்தக் கல்லில் முட்டி நின்றது. "எம்பையன் உசுரு இவ குடுத்ததுங்க." சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அது நடிப்பில்லை.

பொற்கொடி உள்ளே காலெடுத்து வைக்கப் போனாள். அவர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"அம்மணிக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"இதேதானுங்க. கீழ் லைன்ல பொறந்தவ."

அரங்கசாமியின் கை கதவைப் பாதி மூடியது.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. நீங்க அந்தப் பக்கம் நின்னு கும்பிட்டுக்கோங்க. லைன் சனம் கம்பிக்குள்ள வாரதில்லீங்க. அம்மனோட உத்தரவுங்க."

இப்படி ஒரு விஷயத்தை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் ஊரால்தான் முடியும். வெளியே நில் என்பதற்கும் எத்தனை "ங்க"!

6

உத்தரவு எப்படி வந்தது என்று சின்னாத்தாள் பிறகு எனக்குச் சொன்னாள். இதைக் கட்டுரை மாதிரியே எழுதுகிறேன், தமிழ்வேந்தனுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும்.

முதலில் டைல்ஸ் போட்டார்கள். டைல்ஸ் போட்டதும் சேற்றுக்கால் ஆகாது என்றார்கள். நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. பிறகு தேயிலைக் கூடையோடு வர வேண்டாம் என்றார்கள். அதையும் ஒப்புக்கொண்டார்கள். சேற்றுக்காலும் கூடையும் யாருக்கு? லைன் பெண்களுக்குத்தான். ஆகவே வேலைநாளில் அவர்கள் வெளியே நின்று கும்பிட்டார்கள். வெளியே நிற்பது பழகியது. மாடு வருகிறது என்று கம்பி போட்டார்கள். கம்பி வந்த பிறகு, வெளியே நிற்கிறவர்கள் வெளியே நிற்க வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். கடைசியாக அரங்கசாமியின் கனவில் அம்மன் வந்து, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை உத்தரவாகச் சொன்னாள்.

ஒவ்வொரு படியிலும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

7

வளைவுக்குத் திரும்புவோம். பொற்கொடி தூக்கிய காலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பெரிய ஆச்சரியம்தான் இருந்தது. தன் வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து யாரோ "நீங்க யாருங்க?" என்று கேட்டதுபோல.

வேலுமணிக்குத்தான் கழுத்து நரம்பு புடைத்தது. "நானும் அதே சனந்தானுங்க. என்னையும் வெளிய நிக்கச் சொல்லுங்க! ஏனுங்க, இந்தச் சாமி யாரு தெரியுமுங்களா? இதை மொதமொதல்ல இங்க..."

(தமிழ்வேந்தன் கேட்ட முடிவு இதோ, வாசலில் வந்து நிற்கிறது. நான் கைப்பையில் பேனாவைத் தேடினேன் என்பதையும் மறைக்கவில்லை.)

சின்னாத்தாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கம் இழுத்துப்போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, வாய மூடுங்க. சாமி இல்லீன்னு ஆச்சுன்னா நாளைக்கு எந்த வண்டி இங்க நிக்கும்?"

வேலுமணி விழித்தார். "உனக்கு... தெரியுமா?"

"லைனுக்கே தெரியுமே! நீங்க இவளப் பார்த்த பார்வைல கல்லு என்ன, மரமே சாமியாயிருக்கும்." பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"தெரிஞ்சுமா கும்பிடறீங்க?" என்று இனியா கேட்டாள்.

சின்னாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்பையனுக்கு நெம்பக் காய்ச்சல் கண்ணு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு இந்த வளைவுல நிக்கறேன். யாரைக் கூப்படறது நானு? உங்கப்பனையா?"

இதற்குப் பதில் தமிழ்வேந்தனிடம் இருக்கலாம், அவர் அன்றைக்கு அங்கே இல்லை.

அப்போதுதான் பொற்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சின்னதாக, பிறகு தோள் குலுங்க. "ஏனுங்க, ஒரு தடவ செஞ்சது, இன்னொரு தடவ செய்யத் தெரியாதுங்களா நமக்கு?"

சரிவில் இறங்கி, கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். துணி எடுக்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கிவந்து சேலைத் தலைப்பால் துடைத்து, பெண்கள் நின்றிருந்த பக்கம் ரோட்டோரத்தில் நட்டாள். சின்னாத்தாள் தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அதன் மேல் வைத்தாள். யாரோ மஞ்சள் தேடினார்கள், இல்லை. பொட்டு டப்பா ஒன்று கைப்பையிலிருந்து வந்தது.

"இவ யாருடி?" என்றாள் ஒருத்தி.

"அவளோட அக்கா," என்றாள் பொற்கொடி.

"பேரு?"

"கம்பியில்லாத்தா!" என்று இனியா கத்தினாள்.

அந்த வளைவு அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. ஒருத்தி குலவையிட்டாள், இன்னொருத்தி மடியிலிருந்த பன்னைப் பிய்த்து எல்லோருக்கும் பிரசாதம் என்று கொடுத்தாள். எனக்கும் கிடைத்தது. இனித்தது. வேலுமணி அந்தக் கல்லின் முன் நின்று, கண்ணை மூடி, உண்மையாகவே கும்பிட்டார். நான் பார்த்தேன். தான் செய்த சாமியை அவர் ஒரு நாளும் கும்பிட்டதில்லையாம். மனைவி செய்ததைக் கும்பிட்டார்.

8

எதிர்ப்பக்கம் தீபாராதனை நேரம். அரங்கசாமி மணி அடித்தார். தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். திரும்பினால் கம்பிக்கு உள்ளேயும் யாரும் இல்லை, வெளியேயும் யாரும் இல்லை. எல்லோரும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பன் தின்றுகொண்டிருந்தோம். காட்டுவதற்கு ஆள் இல்லாத தீபத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தட்டோடு கதவைத் தாண்டி ரோட்டில் இறங்கி எங்களை நோக்கி வந்தார்.

இனியா முன்னால் போனாள். செருப்பின் நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.

"அங்கயே நில்லுங்க. இது எங்க சாமி. கம்பி போடறவங்க இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது."

பெண்கள் "அப்படிச் சொல்லு!" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் இனித்தது, மறைப்பானேன்.

பொற்கொடி மகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாமி பொறந்து அரை மணி நேரம் ஆகலீயே கண்ணு. அதுக்குள்ள ரூலா?"

சொல்லிவிட்டு, தன் காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தாள். இனியாவின் முகம் சிவந்தது. பிறகு அவளும் மெல்ல ஒரு காலால் மிச்சக் கோட்டைத் தேய்த்தாள்.

அரங்கசாமி ரோட்டின் நடுவில் நின்றுவிட்டார். காற்றுக்குத் தீபம் படுத்துப் படுத்து எழுந்தது. அவர் உள்ளங்கையால் மறைத்தார்.

பொற்கொடி அங்கிருந்தே கேட்டாள். "ஏனுங்கண்ணா, உங்க லாரி வந்து முட்டுச்சே, அன்னிக்கு இந்தக் கம்பி இருந்துச்சுங்களா?"

"...இல்லீங்க."

"டைல்சு?"

"அதுமில்லீங்க. வெறுங்கல்லுதானுங்க."

"அன்னிக்குக் காலைல அவ மேல பூ இருந்துச்சுங்களா?"

அவர் யோசித்தார். "இருந்துச்சுங்க. வாடாத பூவு."

"அது யாரு வெச்சதுங்க?"

அவர் பார்வை எங்கள் பக்கம் நின்றிருந்த பெண்களின் மேல், ஒவ்வொருத்தி மேலாக, போய்க்கொண்டிருந்தது. அவர்களைத் தினமும் பார்க்கிறவர்தான். அன்றைக்குத்தான் எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்க பையன் உசுரக் காப்பாத்தறப்ப அவ கம்பிக்கு வெளியதானுங்க நின்னா," என்றாள் பொற்கொடி. குரலில் குத்தல் இல்லை. அதே "ங்க", அதே பணிவு. ஆனால் அவர் வாசலில் சொந்த ஊரைக் கேட்டதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

மேலே ஹாரன் கேட்டது. பொள்ளாச்சி பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. டிரைவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் நெற்றியைத் தொடுவது என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டார். கண்டக்டர் விசில் அடித்தார். ஏறினோம்.

9

இங்கே நான் உங்களுக்கு ஒரு முடிவு தர வேண்டும்.

அரங்கசாமி பூட்டைத் திறந்து சாவியைப் பள்ளத்தில் வீசினார். லைன் பெண்கள்...

(அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்பமுடியவில்லை.)

மறுநாள் அந்தப் புதிய கல் காணாமல் போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று...

(இதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சிரித்துக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்கு இதை நான் செய்ய மாட்டேன்.)

நடந்தது இதுதான். பஸ் புறப்பட்டபோது அவர் இன்னும் ரோட்டின் நடுவில், இரண்டு கல்லுக்கும் இடையில், தட்டோடு நின்றிருந்தார். முதல் வளைவில் திரும்பியதும் மறைந்துவிட்டார். ஆனால் மலைப்பாதை நல்ல பாதை. கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு திருப்பத்திலும் விட்டு வந்த இடம் தலைக்கு மேலே மறுபடியும் கொஞ்சம் தெரியும். பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

"கதவத் தொறக்கறாரு!" என்றாள் இனியா.

"பூட்டறாருடி. கை அப்படித்தான் போகுது," என்றாள் ஒருத்தி.

"அதெல்லாமில்லீங்க, புதுக் கல்லுக்குத் தீபம் காட்டறாரு. நானு புகையப் பார்த்தேன்," என்றார் வேலுமணி.

"பொகை இல்லீங்க அது, மஞ்சு," என்றாள் சின்னாத்தாள். "அவரு குத்தவெச்சு உக்காந்துட்டாரு. பன்னுத் துண்டு ஒண்ண அங்க வெச்சுட்டு வந்தேன். அதத் திங்கறாரு பாருங்க."

"ஒரே ஆளு எத்தனை வேலைடி செய்வாரு!" என்று பொற்கொடி சொல்ல, மறுபடியும் சிரிப்பு. ஆளாளுக்குத் தான் பார்த்ததைச் சத்தியம் செய்தார்கள். பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் நான்கு கதைகள் உறுதியாகிவிட்டன, ஒவ்வொன்றுக்கும் நம்புகிற ஆட்களோடு.

நான் தவறான பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மலையும் என் மூக்குக்கண்ணாடியில் படிந்த மூச்சும்தான் தெரிந்தன. பொற்கொடியிடம், "நீ என்ன பார்த்தே?" என்று கேட்டேன். "எழுதறது நீங்கதானுங்களேக்கா," என்று சொல்லிவிட்டு, மகளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

எழுதுகிறவள் நான்தான். ஆனால் சரியான பக்கத்து ஜன்னலில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. நகர்ந்து உட்காருங்கள். அடுத்த திருப்பம் வருகிறது, மஞ்சு மூட்டம் கொஞ்சம் விலகுகிறது. தலையை வெளியே நீட்டாமல் மேலே பாருங்கள்.

என்ன செய்கிறார்?